பைய வாரோம்

போன வருஷம் லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் அத்தையையும் ஏழு வயது மகளையும் மும்பைப் பக்கத்து டோம்பிவிலி பிளாட்பாரத்தில் விட்டுவிட்டு நான் மட்டும் ரயிலேறிப் போய்விட்டேன்.

வேண்டுமென்றா செய்வேன். ஆனாலும் சொந்தக்காரர்கள் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. இப்போது எழுதுவதுகூட, அத்தை இன்டர்நெட் பக்கம் வர மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான்.

எங்கள் தமிழ் சபை கூடுகிற இடம் தாராவிப் பக்கம், சயான் ஸ்டேஷனில் இறங்கி நடக்கிற தூரம். சில ஸ்டேஷன்களில் மட்டும் நிற்கிற ஃபாஸ்ட் வண்டி சயானில் நிற்காது. டோம்பிவிலியில் ஸ்லோ ஏறினால் நேரே சயானில் இறங்கிவிடலாம். ஃபாஸ்ட் ஏறினால் குர்லாவில் இறங்கி, பாலம் ஏறி இறங்கி, இன்னொரு ஸ்லோ பிடிக்க வேண்டும். கூட்டிக் கழித்தால் பத்து நிமிஷம் மிச்சம், அதுவும் குர்லாவில் அடுத்த வண்டி உடனே வந்தால். அந்தப் பத்து நிமிஷத்துக்காக வருஷக்கணக்கில் குடும்பத்தோடு குர்லா பாலம் ஏறி இறங்கியிருக்கிறோம். ஏன் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. ஃபாஸ்ட் வருகிறது என்றால் ஏறிவிட வேண்டும், மும்பையில் பிறந்தவளுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி.

அன்றைக்குப் பாடகர் குழுவில் இருக்கிற என் வீட்டுக்காரரும், ஒன்பதாவது படிக்கிற பெரியவனும் முந்தின வண்டியிலேயே போய்விட்டார்கள். எனக்கு 9:15க்கு ஞாயிறு பள்ளி. கையில் சார்ட் பேப்பர் சுருள், தோளில் பை, பைக்குள் பதினெட்டுப் பிள்ளைகளுக்கு வெட்டி வைத்த காகித ஆடுகள். அத்தை நாசரேத்திலிருந்து வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. (இயேசு வளர்ந்த நாசரேத் இல்லை, தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்.) வயது எழுபத்தொன்று. இடது முட்டி சரியாக மடங்காது.

பிளாட்பாரத்துக்கு வரவும் ஃபாஸ்ட் வண்டி உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. "வாங்க அத்தை, வாங்க, இதுதான்" என்று சொல்லிக்கொண்டே நான் முதலில் ஏறினேன். ஏறித் திரும்பி மகளைத் தூக்கிக்கொண்டு, அப்புறம் அத்தைக்குக் கை கொடுப்பதாகத் திட்டம். என் மனசுக்குள் இருந்த திட்டம், அவர்களிடம் சொல்லவில்லை. நான் திரும்புவதற்குள் நாலு பெண்கள் ஏறிவிட்டார்கள். அத்தை ஒரு எட்டு முன்னால் வைத்து, வண்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவிலிருந்த இடைவெளியைக் குனிந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு, வைத்த காலைப் பின்னால் எடுத்து, மகளின் கையையும் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். வண்டி நகர்ந்துவிட்டது. நான் என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. குதிக்கப் போன என்னை யாரோ ஒரு மராத்திக்கார அம்மா தோளைப் பிடித்து உள்ளே இழுத்து, 'பாகல் ஹை க்யா' (பைத்தியமா உனக்கு) என்று திட்டியது மட்டும் ஞாபகமிருக்கிறது.

அத்தை கையை ஆட்டினார்கள். ஊரில் பஸ்ஸேறுகிறவர்களை வழியனுப்புகிற அதே ஆட்டல்.

போன் போட்டேன். இரண்டாவது ரிங்கில் எடுத்தார்கள். "நீ போ புள்ள, நாங்க பைய வாரோம்." வைத்துவிட்டார்கள்.

பைய என்றால் மெதுவாக. அத்தை ஊர்ப் பக்கம் எதற்கும் இந்தச் சொல்தான். பைய வா, பையத் தின்னு, பையச் சொல்லு. கொச்சை என்று யாரும் கிளம்ப வேண்டாம், திருக்குறளிலேயே 'பைய நகும்' என்று வருகிறது. நான் கல்யாணமாகி வந்த புதிதில் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். அன்று வண்டிக்குள் நின்றுகொண்டு, இந்த நேரத்தில் என்ன பைய வேண்டிக்கிடக்கிறது என்று பல்லைக் கடித்தேன்.

நான் ஏறிய வண்டிக்கு அடுத்த நிறுத்தம் தாணே. அங்கே இறங்கி, பாலம் ஏறி, ஸ்லோ வண்டி வருகிற பிளாட்பாரத்துக்கு ஓடினேன். லேடீஸ் கம்பார்ட்மெண்ட் வந்து நிற்கிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டேன். ஒரு ஸ்லோ வந்தது. லேடீஸ் பெட்டி முழுக்கக் கண்ணால் துழாவினேன், இல்லை. வண்டி போய்விட்டது. போனை எடுத்தால் அத்தை எடுக்கவில்லை. அதை அவர்கள் மஞ்சள் பைக்குள், பைபிளுக்கு அடியில் வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து மகள் எடுத்தாள். "அம்மா, நாங்க முலுண்டு தாண்டிட்டோம். நீ எங்க இருக்க?"

சாதாரணப் பெட்டியில், முதலில் திறந்து தெரிந்த வாசலில் ஏறியிருக்கிறார்கள். ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்திருக்கிறான். நான் தேடிக்கொண்டு நின்றபோது என் கண் முன்னாலேயே போயிருக்கிறார்கள். அப்புறம் நான் அடுத்த ஃபாஸ்ட் பிடித்து, வழக்கம்போல் குர்லா பாலம் ஏறி இறங்கி, வேர்த்து விறுவிறுத்துச் சயானில் போய் இறங்கினால், பிளாட்பார பெஞ்சில் ஆச்சியும் பேத்தியும் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருக்கிறார்கள். மணி பத்தாகப் போகிறது.

நான் அழுதுவிட்டேன். அத்தை ஒரு கடலையை என் கையில் வைத்து, "எதுக்கு புள்ள? நாங்க தொலைஞ்சா போயிட்டோம்?" என்றார்கள்.

மகளுக்கு அழுகை எல்லாம் கண்ணிலேயே படவில்லை. அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஒவ்வொரு ஸ்டேஷன் வரும்போதும் அவள் போர்டைப் பார்த்துப் பெயரைப் படிக்க வேண்டும், ஆச்சி கண்ணை மூடி, ஆண்டவரே இந்த ஊர் ஜனங்களை ஆசீர்வதியும் என்று ஒரு வரி ஜெபம் செய்வார்களாம். திவா, மும்ப்ரா, கல்வா என்று வரிசையாகப் போய், நாஹூர் வந்ததும் ஆச்சி கண்ணைத் திறந்து, "நாகூரா? இங்கயும் ஒரு நாகூர் இருக்கா?" என்று கேட்டதில் பக்கத்து சீட்டுத் தமிழ்க்காரர் ஒருவர் சிரித்துவிட்டாராம். அந்த லைனில் நான் பிறந்ததிலிருந்து போய் வருகிறேன். நாஹூருக்கு யாராவது ஜெபம் பண்ணி நான் கேட்டதில்லை.

ஞாயிறு பள்ளிக்கு நான் போகாததால் ஒன்றும் குடி முழுகவில்லை. வேறொரு அக்கா காணாமல்போன ஆட்டின் கதையைச் சொல்லி முடித்திருந்தார். காகித ஆடுகள் என் பையிலேயே கசங்கிக் கிடந்தன.

இதை எழுத உட்கார்ந்ததும் அந்த வருஷங்களில் எங்கள் வாரம் எப்படி ஓடியது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். புதன் இரவு போனில் ஜெபக்குழு. வெள்ளி யாராவது ஒருவர் வீட்டில் ஜெபக்கூட்டம், மாதத்தில் ஒரு முறை எங்கள் வீட்டில், அன்றைக்கு இருபது பேருக்கு டீயும் சமோசாவும். சனி மாலை பாடகர் குழுப் பயிற்சி. ஞாயிறு முழுசாகப் போய்விடும். நடுவில் பெரியவனுக்கு வேத வினா விடைப் போட்டி, சின்னவளுக்கு மனப்பாட வசனம். இதெல்லாம் என் ஆபீஸ், அவர் ஆபீஸ், இரண்டு டியூஷன், துணி, சமையல் போக. இதில் எதுவுமே கெட்ட காரியம் இல்லை, அதுதான் தொல்லையே. டிவி பார்த்துப் பொழுதைக் கழித்திருந்தால் என்றைக்காவது ஒரு நாள் குற்ற உணர்ச்சியாவது வந்திருக்கும். ஆண்டவருக்காக ஓடுகிறோம் என்கிற நினைப்பில், வீட்டில் யார் மேல் எரிந்து விழுந்தாலும் கணக்கில் வரவில்லை.

குடும்ப ஜெபம் இரவு 9:40க்கு. நாலு நிமிஷம். ஆளுக்கொரு நாள் பைபிளின் சங்கீதப் புத்தகத்திலிருந்து ஒரு சங்கீதம் தேர்ந்தெடுத்து வாசிக்க வேண்டும் என்று ஏற்பாடு. பெரியவன் முறை வந்தால் 117தான். ஏனென்றால் அதில் இரண்டே வசனம். அதையே எத்தனை நாள் என்று அப்பா முறைத்தால் 131, 133, 134 என்று மூன்று வசனச் சங்கீதங்களைச் சுற்றி வருவான். சின்னவள் வாசிக்கப் பழகியதும் முதலில் கேட்டது, "அண்ணா, குட்டிச் சங்கீதம் எல்லாம் எனக்கும் சொல்லு" என்பதுதான். 119க்கு 176 வசனம் என்று இருவருக்கும் தெரியும், ஏதோ பேய் வீட்டைப் பற்றிப் பேசுவதுபோல் பேசிக்கொள்வார்கள். நான் கண்டிக்கவில்லை. 9:44க்கு எனக்கு மறுநாள் சாம்பாருக்குப் பருப்பு ஊறப்போட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய டிசம்பரில் சபையார் வீடுகளுக்குக் கேரல் ரவுண்ட்ஸ் போனோம். ஒரே ராத்திரியில் பத்தொன்பது வீடு. டெம்போ டிராவலர் ஒன்றில் இருபத்திரண்டு பேர், கிறிஸ்மஸ் தாத்தாவோடு சேர்த்து. ஒரு வீட்டுக்குப் பாமாலையில் இரண்டு சரணம், பாஸ்டர் ஐயாவின் சின்ன ஜெபம், காணிக்கைக் கவர், கிளம்பு. அம்பர்நாத்தில் தனியாக இருக்கிற ஓய்வுபெற்ற நர்ஸ் ஆன்டி ஒருவர் வீட்டுக்குப் போகும்போது மணி 11:40. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பட்டுச் சேலையில் நின்றிருந்தார். பக்கத்து வீடுகளிலிருந்து வாங்கிப் போட்ட நாற்காலிகள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். மேஜையில் பெரிய எவர்சில்வர் தாம்பாளம் நிறைய முந்திரிக்கொத்து. பாசிப்பயறு வறுத்துத் திரித்து, வெல்லப்பாகு காய்ச்சி, உருட்டி, மாவில் முக்கிப் பொரித்து எடுக்கிற சமாச்சாரம், ஒற்றை ஆளாக இருபத்தைந்து பேருக்குச் செய்வது என்றால் இரண்டு நாள் வேலை. நாங்கள் நின்றபடியே பாடினோம். ஜெபம் முடிந்தது. "நேரமாச்சு ஆன்டி, இன்னும் மூணு வீடு இருக்கு" என்று சொன்னது நான்தான். ஆளுக்கொன்று கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினோம். ஒருவரும் உட்காரவில்லை. திருப்பத்தில் நிமிர்ந்து பார்த்தேன், தாம்பாளத்தை இரண்டு கையிலும் பிடித்தபடி அவர் நின்றுகொண்டிருந்தார். என் பங்கு முந்திரிக்கொத்து டிஷ்யூ பேப்பரில் சுற்றி ஹேண்ட்பேக்கில் ஜனவரி கடைசி வரை கிடந்து, கடைசியில் குப்பைக்குப் போனது.

அன்றிரவு பத்தொன்பது வீடும் முடித்துவிட்டோம் என்று குரூப்பில் ஸ்தோத்திரம் போட்டார்கள். நானும் போட்டேன்.

பிளாட்பாரத்தில் அத்தையை விட்ட வாரத்துக்கு அடுத்த வாரம், ஞாயிறு பள்ளியில் யவீருவின் மகள் கதை, மாற்கு 5. சாகக் கிடக்கிற பெண்ணைக் காப்பாற்ற இயேசுவை அப்பா அழைத்துக்கொண்டு போகிறார். வழியில் பன்னிரண்டு வருஷமாய் இரத்தப்போக்கு உள்ள ஒரு ஸ்திரீ கூட்டத்துக்குள் வந்து அவர் வஸ்திரத்தைத் தொடுகிறாள். அவர் நின்றுவிடுகிறார். என்னைத் தொட்டது யார் என்று கேட்டு, அவள் நடுங்கிக்கொண்டே வந்து எல்லாவற்றையும் சொல்கிறவரை நிற்கிறார். நான் எப்போதும் அந்தப் பெண்ணின் விசுவாசத்தைச் சொல்லிவிட்டுப் பாட்டுக்குப் போய்விடுவேன். அன்று எட்டு வயதுப் பையன் ஒருவன் கையைத் தூக்கி, "டீச்சர், யவீருக்குக் கோபம் வரலையா?" என்றான்.

என்ன சொல்வது? வந்திருக்கும்டா என்றேன். பன்னிரண்டு வருஷ வியாதியின் கதையை ஒரு பெண் முழுசாகச் சொல்கிறாள் என்றால் அது ஐந்து நிமிஷத்தில் முடிகிற காரியமா? பக்கத்தில் நிற்கிற தகப்பனுக்கு ஒவ்வொரு வார்த்தையும் எப்படி இருந்திருக்கும்? அந்த நேரத்துக்குள் பெண் இறந்துபோனாள் என்று ஆள் வந்து சொல்கிறான். இயேசு அவசரமே இல்லாத ஆள் என்று நாம் சுகமாய்ச் சொல்லிக்கொள்கிறோம், அவர் கூடவே நடந்தவர்களுக்கு அது அவ்வளவு சுகமாய் இருந்திருக்காது. லாசரு வியாதியாய் இருக்கிறான் என்று கேள்விப்பட்ட பிறகும் இருந்த இடத்தில் இரண்டு நாள் தங்கியவர். முப்பது வயது வரை நாசரேத்தில் இருந்தவர். (அத்தை ஊர் பெயரைச் சொல்லி வீட்டுக்காரர் இதைக் கிண்டலாகச் சொல்வார். நாசரேத்காரர்கள் கிளம்ப நேரமாகும் என்று.)

அத்தை ஊரிலிருந்து கொண்டுவந்து எங்கள் சமையலறையில் மாட்டிய வசனக் காலண்டரில் அந்த மாதம் இருந்தது ஏசாயா 28:16, 'விசுவாசிக்கிறவன் பதறான்'. சின்ன வயசிலிருந்து தெரிந்த வசனம்தான், பயப்பட மாட்டான் என்று அர்த்தம் வைத்திருந்தேன். ஒரு நாள் அடுப்பில் பால் பொங்கக் காத்திருக்கிற நேரத்தில் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதறுவது என்றால் நம் தமிழில் பயமும் அவசரமும் ஒன்றாய்ச் சேர்ந்ததுதானே. பதறாத காரியம் சிதறாது என்று அத்தை அடிக்கடி சொல்கிற பழமொழியில் இருப்பது அவசரம். எபிரெயத்திலும் அந்த இடத்தில் இருப்பது விரைந்து ஓடுவதைக் குறிக்கிற சொல்தான். பவுல் ரோமருக்கு எழுதும்போது இதையே எடுத்துச் சொல்கிறார், அங்கே அது 'வெட்கப்படுவதில்லை' என்று மாறியிருக்கும், அவர் கையாண்டது கிரேக்க மொழிபெயர்ப்பு. எனக்கு ஏசாயாவின் சொல்தான் உறைத்தது. நான் ஓடியது அன்பினால் இல்லை. பயம். நான் போகாவிட்டால் என்ன நினைப்பார்கள், என் பிள்ளை வசனப் போட்டியில் பின்தங்கினால் என்ன ஆகும், வேண்டாம் என்று சொன்னால் இனி கேட்கவே மாட்டார்களோ.

சரி, என்ன மாற்றினோம் என்று கேட்பீர்கள். பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. ஞாயிறு பள்ளியை மாதத்தில் இரண்டு வாரமாகக் குறைத்துக்கொண்டேன். வெள்ளிக் கூட்டங்களில் எங்கள் வீட்டு முறையையும், போனால் இருந்து சாப்பிட்டு வரக்கூடிய இரண்டு மூன்று வீடுகளையும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டோம். பெரியவனை ஒரு டியூஷனிலிருந்து நிறுத்தினோம். அவனுக்குக் கணக்கில் மார்க் குறைந்தது, அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். பாடகர் குழுவை மட்டும் வீட்டுக்காரர் விட மாட்டேன் என்றார், அவருக்கு அது ஓட்டம் இல்லை, மூச்சு. சபையில் ஒரு மூத்த சகோதரி என் காதுபடவே, "பின்மாற்றம் இப்படித்தான் சின்னதா ஆரம்பிக்கும்" என்றார். விசுவாசத்திலிருந்து வழுவிப் போவதை எங்கள் சபையில் அப்படித்தான் சொல்வார்கள். இரண்டு நாள் தூங்கவில்லை. இப்போதும் அவரைப் பார்த்தால் கால் தானாக வேகம் பிடிக்கிறது.

ஆனால் எல்லாவற்றையும்விட எனக்கு உறைத்தது மௌஷி விஷயம். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்துத் தரை துடைக்க வருகிற மராத்திக்கார மௌஷி, நாலு வீடு பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாங்கள் சபைக்குக் கிளம்ப வேண்டும் என்பதற்காக அவரைக் காலை 6 மணிக்கே வரச் சொல்லியிருந்தோம். அதற்காக அவர் நாலரைக்கு எழுந்து, தன் வீட்டுத் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, ஓடி வருவார். அத்தை இரண்டு வாரம் இதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்கள், "இந்தப் பிள்ளைக்கு ஓய்வுநாள் எது?" எனக்குப் பதில் இல்லை. உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கட்டளைக்குக் காரணம் சொல்லும்போது, உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும், நீயும் எகிப்திலே அடிமையாய் இருந்தவன் என்று வருகிறது. எகிப்தில் நடந்தது என்ன? வைக்கோல் தர மாட்டேன், ஆனால் செங்கல் கணக்குக் குறையக்கூடாது என்று பார்வோன் சொன்னான். நாங்கள் ஆராதனைக்குப் போகிற அவசரத்தின் செங்கலை மௌஷி சுமந்துகொண்டிருந்தார். இப்போது ஞாயிறு அவருக்குச் சம்பளத்தோடு லீவு. பாத்திரம் திங்கள் வரை சிங்க்கில் கிடக்கிறது, இல்லாவிட்டால் பெரியவன் தேய்க்கிறான், முணுமுணுத்துக்கொண்டே.

அதனால் யாரிடமும் போய் 'நிதானமாய் வாழுங்கள்' என்று உபதேசம் செய்ய எனக்கு வாய் வருவதில்லை. 2025 ஜூன் 9 காலை மும்ப்ரா பக்கம் கூட்டத்தில் வாசலில் தொங்கிக்கொண்டு போனவர்கள் விழுந்து சிலர் இறந்தார்களே, அன்றைக்கு என் வீட்டுக்காரர் பின்னால் வந்த வண்டியில் இருந்தார். முக்கால் மணி நேரம் போன் கிடைக்கவில்லை. விழுந்தவர்கள் ஆசைப்பட்டா தொங்கினார்கள்? அடுத்த வண்டியும் அதே கூட்டம், பஞ்ச் பண்ண வேண்டிய நேரமும் அதே நேரம். எங்களுக்குக் குறைத்துக்கொள்ள இடம் இருந்தது. சபையிலேயே பாதிப் பேருக்கு அது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாங்கள் இப்போது ஸ்லோ. குர்லா பாலத்துக்கு விடை கொடுத்தாயிற்று. ஆராதனை முடிந்து திரும்பும்போது எப்படியும் மெகா பிளாக் இருக்கும். தண்டவாளம் பழுதுபார்க்க அநேகமாக வாராவாரம் ஞாயிறு பகலில் சில மணி நேரம் பாதையை அடைப்பார்கள், அப்போது மாட்டுங்காவுக்கும் முலுண்டுக்கும் இடையே ஃபாஸ்ட் வண்டிகளையும் ஸ்லோ பாதையில் திருப்பி விடுவது வழக்கம். முன்பெல்லாம் ரயில்வேயைத் திட்டிக்கொண்டே வருவேன்.

ஒரு நாள் போகும்போது பெரியவன் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். டோம்பிவிலியையும் சயானையும் சேர்த்துப் பதினைந்து ஸ்டேஷன். "அம்மா, ஆரோகண சங்கீதம் எத்தனை?" 120லிருந்து 134 வரை, பதினைந்து. யெருசலேமுக்குப் பண்டிகைக்கு நடந்து போனவர்கள் பாடியது என்று சொல்கிற பாட்டுகள். குட்டிச் சங்கீதம் தேடித் தேடி அவன் அந்த ஏரியாவையே கரைத்துக் குடித்திருந்தான். ஒரு ஸ்டேஷனுக்கு ஒன்று வாசிக்கலாம் என்றான். ஆச்சியின் ஸ்டேஷன் ஜெபத்துக்குத் தம்பி மாதிரி ஒரு ஏற்பாடு.

செய்து பார்த்தோம். கோபரில் 121, பர்வதங்களுக்கு நேராகக் கண்ணை ஏறெடுக்கிறது, கொஞ்ச நேரத்தில் நிஜமாகவே மும்ப்ரா மலை வந்தது. நாஹூரில் 127, அதிகாலையில் எழுந்து வேலையில் தரித்து வருத்தத்தின் அப்பம் சாப்பிடுவது விருதா, அதாவது வீண், என்பது. காலை ஐந்து மணிக்கு எழுந்து நாலு டப்பா கட்டுகிற நான் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். காட்கோபரில்தான் மாட்டிக்கொண்டோம். மெட்ரோ மாறுகிற கூட்டம் ஏறவும் இறங்கவுமாய் இடித்துத் தள்ளுகிறது, அங்கே விழுந்தது 131. 'தாயின் பால்மறந்த குழந்தையைப்போல நான் என் ஆத்துமாவை அடக்கி அமரப்பண்ணினேன்.' மூன்றே வசனம் என்பதற்காக எங்கள் வீட்டில் நூறு முறையாவது வாசித்துத் தள்ளிய சங்கீதம். சின்னவள் என் மடியில் உட்கார்ந்து, யாரோ ஒருவருடைய பை அவள் தலையில் உரசிக்கொண்டிருக்க, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தாள். பால்மறந்த என்றால் என்ன என்று கேட்டாள். பால் குடிப்பதை விட்ட பிள்ளை, பாலுக்காக இல்லாமல் சும்மாவே அம்மா மடியில் இருக்கும் என்று சொன்னேன். "இப்ப மாதிரியா?" என்றாள். வித்யாவிஹாருக்கு உள்ள 132 பதினெட்டு வசனம், குர்லா வருவதற்குள் முடியவே முடியாது, முடியாமலே விட்டுவிட்டோம். தாணேக்கும் முலுண்டுக்கும் நடுவில் புதிய ஸ்டேஷன் ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறார்கள், அது திறந்தால் எங்கள் கணக்குத் தப்பும். பெரியவன் இப்போதே கவலைப்படுகிறான்.

எல்லா ஞாயிறும் இப்படி என்று நினைக்க வேண்டாம். பாதி நாள் அவன் காதில் ஹெட்போன், இவள் தூக்கம், நான் ஆபீஸ் மெயில். போன மாதம்கூடப் பிளாட்பாரத்தில் சின்னவளின் கையைப் பிடித்து இழுத்ததில் அவள் வளையல் உடைந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் ஆச்சி மாதிரியே என்னைப் பார்த்தாள்.

அத்தை ஜூலையில் ஊருக்குக் கிளம்பினார்கள். கல்யாணில் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிடப் போனோம். வண்டி வர ஒரு மணி நேரம் முன்னாலேயே ஸ்டேஷனில் இருந்தோம், என் வாழ்க்கையில் முதல் முறை.

இந்த ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, கூட்டமோ கிறிஸ்மஸ் தாத்தாவோ இல்லாமல் நாங்கள் நாலு பேர் மட்டும் அம்பர்நாத் போனோம். போன் பண்ணிவிட்டுத்தான். ஆன்டி நாற்காலி இரவல் வாங்கவில்லை, நாலு பேர் என்பதால் கட்டிலும் சோபாவும் போதும். முந்திரிக்கொத்து வந்தது. அதை அவசரமாய்த் தின்ன முடியாது என்று அன்றுதான் தெரிந்தது. மேல் ஓடு கல் மாதிரி, ஓரமாய் வைத்துக் கடித்து, வாயில் ஊறவிட்டு, அப்புறம்தான் உள்ளே இருக்கிற பயறும் வெல்லமும் இளகும். வாயில் அது இருக்கும்வரை நாங்கள் யாரும் பேச முடியாததால் ஆன்டி பேசினார். நர்ஸ் வேலைக்காக ஊரிலிருந்து பம்பாய்க்கு வந்த கதை, பெட்டியைத் தொலைத்தது, ஹாஸ்டலில் சப்பாத்தி தின்னத் தெரியாமல் அழுதது. இரண்டரை மணி நேரம் ஆகியும் அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை, கதையில். சின்னவள் கட்டிலில் தூங்கிவிட்டாள். வீட்டுக்காரர் போனில் ரயில் நேரம் பார்த்ததை நான் பார்த்தேன், அவர் நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்.

கிளம்பும்போது மீதியை ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடி, என் கையில் கொடுத்து, "பாட்டில் எனக்கு வேணும், திருப்பிக் கொண்டு வரணும்" என்றார். கண்ணாடிப் பாட்டில், இப்போதெல்லாம் கிடைக்காத கனத்த ரகம்.

முந்திரிக்கொத்து நாலே நாளில் தீர்ந்துவிட்டது. பாட்டிலைக் கழுவி வெயிலில் காய வைத்து, சமையல் மேடையில் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்திருக்கிறேன். இந்த சனிக்கிழமை போகிறோம்.